ஊருக்கு எழுதிக் கொடுத்த கல்லறை மேடு

ஸ்டில்வெல் ஓடை, கென்டக்கி
1950 செப்டம்பர் 17

அன்புள்ள தம்பி ரூஃபஸ்,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தபால்காரர் வண்டியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு வந்து, உன் ஆபீஸ் குமாஸ்தா விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நீ கோர்ட்டில் இருப்பதாகச் சொன்னான். இருந்தால் என்ன, அக்கா வந்திருக்கிறாள் என்று ஒரு நடை வெளியே வந்து தலையைக் காட்டக் கூடாதா? போகட்டும். கல்லறை மேடும் அதை ஒட்டிய புல்வெளியும் இனிமேல் என்னுடையது இல்லை, மாவட்டத்துடையது. பொது இடுகாடு என்று பலகை அடிப்பார்களாம். அடிக்கட்டும். பெயர் எதுவாக இருந்தாலும் அங்கே படுத்திருப்பது நம் அம்மாவும், என் புருஷன் ஹைரமும், என் குழந்தை டெல்லாவும்தான்.

ஆற்றில் அணை கட்ட வாஷிங்டன் சர்க்கார் அனுப்பிய அணைக்காரர்கள் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை என் பீன்ஸ் தோட்டத்திலேயே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டை எடுத்தால் எடுக்கட்டும். பலகையும் ஆணியும்தானே. மேட்டை மட்டும் விட மாட்டேன். ஆகஸ்டில் என் அடுப்பு முன்னால் உட்கார்ந்து இரண்டு தட்டு சோள ரொட்டியைக் காலி பண்ணிக்கொண்டே நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அக்கா, உன் பேர்ல இருந்தா வாஷிங்டன்காரன் ஒரே நாள்ல எடுத்துருவான். ஊருக்குன்னு எழுதி வச்சிட்டா தொட முடியாது. ஏற்கெனவே ஊர் பயன்படுத்துறத ஊருக்காகன்னு சொல்லி எவனாலயும் எடுக்க முடியாது. நான் இருக்கேன்ல?" என்றாய்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றேன் என்று உனக்குத் தெரியும், சொல்லிக் காட்டவில்லை. சரி, சொல்லித்தான் காட்டுகிறேன். அம்மா போனபோது உனக்கு இரண்டு வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நீ வாத்தியாரின் மைக்கூட்டைக் கவிழ்த்தாய். அதோடு என் படிப்பு முடிந்தது. அதனால் சட்டம் உன்னுடையது. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்கா
ஆர்மிண்டா


ஹார்டன் டவுன்
1950 செப்டம்பர் 25

பிரியமுள்ள அக்கா,

பத்திரம் முறையாகப் பதிவாகிவிட்டது. மாவட்ட சபை அதை ஏற்றுக்கொண்டு தீர்மானமும் போட்டுவிட்டது. மாவட்ட வக்கீல் என்ற முறையில் நானே அதை வாசித்தேன். அன்று உன்னைப் பார்க்க முடியாததற்கு மன்னித்துக்கொள்.

நீ கவலைப்பட ஒன்றுமில்லை. மின்சாரக் கம்பெனி நம் பள்ளிக்கூட மைதானத்தின் குறுக்கே கம்பம் நட வந்ததை மறந்திருக்க மாட்டாய். ஒரு பொதுக் காரியத்துக்கு இருக்கும் நிலத்தை இன்னொரு பொதுக் காரியம் என்று சொல்லி எடுக்க முடியாது என்றுதான் அன்று வாதாடினேன், அதில்தான் ஜெயித்தேன். மாநிலத்தின் உயர்ந்த கோர்ட்டே அதை ஒப்புக்கொண்டது. இடுகாடு பள்ளிக்கூடத்தை விடவும் புனிதமான பொதுக் காரியம். எந்த நீதிபதியும் யோசிப்பார்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் எல்லோரும் மேட்டில் கூடி, கல்லறைகளுக்குப் பூ வைத்து, புல்லில் துணி விரித்துச் சாப்பிடுவோம். உன் ஆப்பிள் அடுக்குக் கேக்கில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வை.

உன் தம்பி
ரூஃபஸ்


ஸ்டில்வெல் ஓடை
1950 டிசம்பர் 28

தம்பி,

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று பார்த்தேன். ரோடு மோசம் என்று சொல்லி அனுப்பினாய். அதே ரோட்டில்தான் தபால்காரர் வந்தார், சொல்லி அனுப்பியதை அவர்தான் கொண்டுவந்தார்.

இப்போது நான் எழுதுவது வேறு விஷயம். போன வாரம் அணைக்காரர்களின் இஞ்சினீயர் ஒருவன் மேட்டில் அளக்கிற கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. மண்வெட்டியோடு ஏறிப்போனேன்.

"யாரக் கேட்டு வந்த?" என்றேன்.

"அளக்க வந்தேன், பாட்டிம்மா. இது யார் இடம்?"

"மாவட்டத்தோடது. ஊரு இடம். நீ தொடப்படாது."

அவன் கெட்டவன் இல்லை. தொப்பியைக் கழற்றினான். "யாரோடதா இருந்தா என்ன பாட்டிம்மா? எங்களுக்கு உங்க வீடும் ஒண்ணுதான், மாவட்டத்து இடமும் ஒண்ணுதான்."

"உனக்குச் சட்டம் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தண்ணி தெரியும். எந்தக் கோடு வரைக்கும் நிக்கும்னு தெரியும். இந்தப் பாப்பா கல்லுக்கு மேல நாலு ஆள் உசரம் நிக்கும்."

டெல்லாவின் கல்லைத்தான் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு எனோஸுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆர்மிண்டாக்கா, குடுத்தது நீ, வாங்கினது உன் தம்பி. நடுவுல தண்ணிய ஏன் திட்டுற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி கூடச் சிரித்தாள்; அவளுக்கு நான் மூன்று பிரசவம் பார்த்தவள். "என் தம்பி கம்பெனியையே ஓட ஓட விரட்டினவன்டா, உன்ன மாதிரி ஓட்டை வாளின்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்து இரண்டு தரம் படித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. ஊர் இடத்தை வாஷிங்டன் எடுக்க முடியுமா, முடியாதா? புத்தகத்தில் இருப்பதைச் சொல்லாதே. உனக்குத் தெரிந்ததைச் சொல்.

ஆர்மிண்டா


ஹார்டன் டவுன்
1951 ஜனவரி 9

பிரியமுள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

இஞ்சினீயர்கள் சொல்வதற்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. விஷயம் நீதிபதியின் முன் வருகிறது. மார்ச் மாதம் லெக்ஸிங்டனில் விசாரணை. மாவட்டத்தின் சார்பில் நான் ஆஜராகிறேன். எல்லாருடைய நலனையும் மனதில் வைத்து என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வேன்.

நீ அவ்வளவு தூரம் வர வேண்டாம். இந்தக் குளிரில் உன் மூட்டுவலிக்குப் பயணம் ஆகாது. உன் பேரன் ஆர்வில்லிடம் ஒரு மூட்டை நிலக்கரி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ரூஃபஸ்


ஸ்டில்வெல் ஓடை
1951 மார்ச் 16

மாவட்ட வக்கீல் ரூஃபஸ் அவர்களுக்கு,

வர வேண்டாம் என்று எழுதினீர்கள். வந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் கையிலிருந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் நின்றீர்கள். சின்ன வயதில் பொய் சொல்லும்போதும் வேதப் புத்தகத்தை அப்படித்தான் பிடிப்பீர்கள்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு நீங்கள் வேறு மாதிரி சொன்னால், இது இருக்கட்டும்.

வாஷிங்டன் வக்கீல் எழுந்து, மேடும் புல்வெளியும் அணைக்கு வேண்டும் என்றார். நீதிபதி உங்களைத் திரும்பிப் பார்த்தார். "இது பொது இடுகாடுன்னு போட்டிருக்கே. மாவட்டத்துக்கு ஆட்சேபணை உண்டா?"

நீங்கள் சொல்லப்போகிறீர்கள் என்று நான் பெஞ்சின் நுனிக்கு வந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூட மைதானத்துக்குச் சொன்னீர்களே, ஜன்னல் கண்ணாடி அதிர, அதே மாதிரி. தொண்டையைச் செருமினீர்கள்.

"ஆட்சேபணை இல்லைங்க."

நான் எழுந்துவிட்டேன். "எனக்கு இருக்கு!"

சேவகன் என் தோளைப் பிடித்தான். நீதிபதி வயதானவர், அவனைத் தடுத்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"அந்த மேட்டக் குடுத்தவ."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"மாவட்டத்துக்கு. எடுக்க முடியாதபடி ஆக்கறேன்னு வாங்கினாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்க பேர்ல இருந்தா நான் நாள் பூரா உங்க பேச்சக் கேட்டிருப்பேன். கேட்டாகணும், அது சட்டம். இப்ப நிலம் உங்களுது இல்ல. இந்த வழக்குல நீங்க யாரும் இல்ல. உக்காருங்க."

அப்புறம் உங்களிடம் கேட்டார். "வக்கீல், இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. "தெரியுங்க. எங்க மாவட்டத்தச் சேர்ந்தவங்க."

அவ்வளவுதான் சொன்னீர்கள்.

வண்டியில் வரும்போது ஆர்வில், "பாட்டி, ரூஃபஸ் தாத்தா ஏன் உன்ன அக்கான்னு சொல்லல?" என்று கேட்டான். குளிர் காற்று வாய்க்குள் போகும், பேசாதே என்று அவனை அடக்கிவிட்டேன். நிலம் போனது ஒரு பக்கம். என் வாயையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டீர்கள் என்று அங்கேதான் தெரிந்தது.

உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

ஆர்மிண்டா ஸ்டிடம்
(உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்தவள்)


ஹார்டன் டவுன்
1951 மார்ச் 24

அக்கா,

என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. "அவர்களுக்கு" என்று மட்டும் எழுதாதே.

ஆகஸ்டில் உன் வீட்டில் நான் சொன்னது பொய் இல்லை. நம்பித்தான் சொன்னேன். கம்பெனியும் மாவட்டமும் மாநிலமும் ஒரே வரிசையில் நிற்பவை. ஒருவர் பொதுவுக்கு வைத்திருப்பதை மற்றவர் பிடுங்க முடியாது. அந்த விதியை வைத்துத்தான் ஜெயித்தேன். வாஷிங்டன் அந்த வரிசையிலேயே நிற்பதில்லை, அக்கா. அது மேலே இருக்கிறது. இடுகாடோ, பள்ளிக்கூடமோ, இந்தக் கோர்ட் கட்டடமோ, அதற்கு வேண்டுமென்றால் எடுக்கலாம். ஈடு கொடுத்தால் போதும். நவம்பரில் அவர்களுடைய வக்கீல் தீர்ப்புகளை என் மேஜையில் பரப்பிக் காட்டினார். அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பத்திரத்தையும் திருப்பி எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்பாய். நிலம் உன் பெயரில் இருந்தால் அவர்கள் விலையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாவட்டத்தின் பெயரில் இருந்தால், இழந்ததற்குப் பதில் அதே மாதிரி ஒன்றைக் கட்டித் தர வேண்டும். உன் மேட்டைக் காட்டித்தான் கேட்டேன். மலைமேல் புது இடுகாடு தருகிறார்கள். அங்கே போக ரோடு போடுகிறார்கள். அந்த ரோடு ஆற்றைத் தாண்டுவதால் பாலமும் வருகிறது. அக்கரைப் பிள்ளைகள் வெள்ளத்தில் படகில் பள்ளிக்கூடம் வருவதை நீயே எத்தனை தரம் திட்டியிருக்கிறாய்? இனி நடந்து வருவார்கள். நான் விற்கவில்லை, அக்கா. கிடைப்பதில் நல்லதாகப் பார்த்து வாங்கினேன்.

கோர்ட்டில் அக்கா என்று சொல்லியிருந்தால், சொந்தக் குடும்பத்து நிலத்தை வைத்து வக்கீல் பேரம் பேசுகிறான் என்று எல்லாவற்றையும் கலைத்திருப்பார்கள். பாலம் போயிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேன். அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

இன்னொன்று. கல்லறைகளை மாற்றுவதா, இருக்கிற இடத்திலேயே விடுவதா என்று சொந்தக்காரர்களைக் கேட்பார்கள். அம்மாவுக்கு மூத்த பிள்ளை சொல்வதுதான் முடிவு. அம்மாவைப் புது இடுகாட்டுக்கு மாற்றச் சொல். நல்ல கல் வைக்கிறேன். பக்கத்தில் உனக்கும் ஹைரம் மாமாவுக்கும் டெல்லாவுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் மட்டும் அவளை விட்டுவிடாதே.

ரூஃபஸ்


ஸ்டில்வெல் ஓடை
1951 ஏப்ரல் 2

ரூஃபஸ்,

பாலம் நல்லதுதான். நவம்பரில் வந்து, "அக்கா, மேடு எப்படியும் போகப்போகுது, பாலத்துக்குன்னு குடு" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அழுதுவிட்டுக் கொடுத்திருப்பேன். உனக்கு எதைக் கொடுக்க மாட்டேன் என்றேன்? ஹைரம் எனக்கு வாங்கி வந்த குதிரையைக் கூட நீ படிக்கப் போகும்போது விட்டுக்கொடுத்தேனே. அது திரும்பியே வரவில்லை.

நீ கேட்கவில்லை. எடுத்தாய். மேலே இருப்பவன் எடுப்பதை வாஷிங்டனில் மட்டும் பார்க்கிறாய்.

புது இடுகாடு பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறாய். அதுவும் மாவட்டத்துடையது, அதுவும் பொது இடம். நாளைக்கு அவர்களுக்கு ஒரு பெரிய ரோடு வேண்டும், இல்லை இன்னொரு அணை வேண்டும். அந்த இடத்தை எடுக்க முடியுமா, முடியாதா?

டிசம்பரில் கேட்ட அதே கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் எழுது. அதற்கு மேல் ஒரு எழுத்து இருந்தாலும் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

ஆர்மிண்டா


ஹார்டன் டவுன்
1951 ஏப்ரல் 6

எடுக்கலாம்.


ஸ்டில்வெல் ஓடை
1951 மே 29

ரூஃபஸ்,

உன் ஒரு வார்த்தைக் கடிதம் வந்த அன்றே கல்லறைக்காரர்கள் காகிதங்களோடு வந்தார்கள். பிணம் தோண்டுகிற வேலை பார்த்தாலும் மரியாதை தெரிந்த மனிதர்கள். அவர்களில் ஒருவர், "எல்லாரும் மாத்தச் சொல்றாங்கம்மா, நீங்களும் சொல்லிடுங்க, நாங்க பதனமா எடுப்போம்" என்றார். மூன்று காகிதத்திலும் "இருக்கட்டும்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா, ஹைரம், டெல்லா. யோசித்துப் பார்த்தேன், தண்ணீருக்கு அடியில் ரோடு போட எவனும் வர மாட்டான். அவர்களை இனி ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். நான் மட்டும் ஆர்வில்லின் மலைத் தோட்டத்தில் தனியாகப் படுக்க வேண்டியிருக்கும். ஹைரம் பக்கத்தில் நான் வைத்திருந்த இடம் காலியாகத் தண்ணீருக்குள் போகும். அதற்கு நான் அழவில்லை என்று எழுத வந்தேன், பொய் எழுத வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. ஊரே மேட்டில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும்போது நீ காரை ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வந்தாய். எனோஸ் கூட வாயை மூடிக்கொண்டான். யாராவது உன்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்களா என்று நீ ஒவ்வொரு துணியாகப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

நேரே அம்மாவிடம் போனாய். எல்லோர் காதிலும் விழும்படி, "அக்கா, அம்மாவ மட்டுமாவது விட்டுக்குடு. மேல கொண்டு போறேன்" என்றாய்.

"மாட்டேன்," என்றேன்.

"எனக்கும் அவ அம்மாதானே?"

"அம்மாதான். அதான் கேட்ட இல்ல? கேக்கத் தெரியுது உனக்கு. இத நவம்பர்ல கேட்டிருக்கணும்."

கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டாய். முட்டி போட்டு உட்கார்ந்து, களையைப் பிடுங்கி, வெறும் கையால் மண்ணை இழுத்து, வருஷா வருஷம் செய்வதுபோல் அம்மாவின் கல்லறைமேல் மண்மேடு கூட்ட ஆரம்பித்தாய். அறுபது தாண்டியவன், நகத்துக்குள் மண், வெள்ளைச் சட்டையெல்லாம் வேர்வை. பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனோஸின் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் ஆர்மிண்டாக்கா, ஒரு தட்டுல ஏதாவது போட்டுக் குடேன்" என்று என் காதில் சொன்னாள். "நீ வேணும்னா குடு, உன் கைல கரண்டி இருக்குல்ல?" என்றேன். அவள் கொடுத்தாள். நீ நின்றபடியே சாப்பிட்டாய். நான் தடுக்கவில்லை.

போகும்போது என் முன்னால் வந்து நின்றாய். நான் ஏதாவது சொல்வேன் என்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாய். எனக்கும் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. உன்னை இடுப்பில் தூக்கியதைச் சொல்லலாமா, கோர்ட்டைச் சொல்லலாமா என்று பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே வாய்க்கு வந்தன. அதனால் எதையும் சொல்லவில்லை. நீ போய்விட்டாய்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அம்மாவிடம் போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் உயரமாகவும் கால்மாட்டில் சப்பையாகவும், ஒரு பக்கம் சரிந்து, நீ கூட்டிய மண்மேடு கோணலாக இருந்தது. மண்வெட்டியை எடுத்தேன். நீ போட்டது அத்தனையையும் இழுத்துத் தள்ளிவிட்டு, முதலிலிருந்து நேராகக் கூட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபரில் தண்ணீர் வருமாம்.

ஆர்மிண்டா